மனோன்மணீயம்: குடிலனை நம்பிய மன்னனின் கதையை மாணவர்கள் எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

செராஸ், காஜாங் வட்டாரங்களில் வார இறுதியில் தமிழ் இலக்கிய வகுப்புக்குப் போகும் படிவம் 4, படிவம் 5 மாணவர்களிடம் தமிழில் எழுதப்பட்ட செய்யுள் நாடகம் ஒன்றின் பெயரைக் கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் மனோன்மணீயம்தான். பெயர் தெரியும். தமிழகத்தின் தமிழ்த்தாய் வாழ்த்து அந்த நூலில் இருப்பதும் பலருக்குத் தெரியும். அதற்கு மேல் போனால் பேச்சு நின்றுவிடும். ஒரு மன்னன் தன் அமைச்சனாலேயே எப்படி ஏமாற்றப்படுகிறான் என்பதை ஐந்து அங்கங்களில் படிப்படியாகக் காட்டும் அரசியல் நாடகம் அது என்பது மாணவர்களிடம் போய்ச் சேர்வதே இல்லை.

இதற்கு மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நூலை அறிமுகப்படுத்தும் வழக்கமான முறை அப்படி. ஆசிரியர் பெயர், ஆண்டு, அங்கம் ஐந்து, களம் இருபது, கிளைக்கதை சிவகாமி சரிதம் என்று ஒரு பட்டியல் எழுதிப்போடப்படுகிறது. அது தேர்வில் ஒரு மதிப்பெண் வாங்கித் தரலாம். குடிலன் என்ற மனிதனை அது அறிமுகப்படுத்தாது.

பேராசிரியர் எழுதிய நாடகம்

மனோன்மணீயத்தை எழுதியவர் பெ. சுந்தரம் பிள்ளை. 1855இல் ஆலப்புழையில் பிறந்தவர். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தார். கல்வெட்டுகளைப் படித்துத் திருவிதாங்கூரின் பழைய மன்னர்களைப் பற்றியும், திருஞானசம்பந்தரின் காலத்தைப் பற்றியும் ஆங்கிலத்தில் ஆய்வுகள் எழுதியவர். 1897இல் இறந்தபோது அவருக்கு 42 வயதுதான். நாடகம் 1891இல் வெளிவந்தது. திருநெல்வேலியில் இன்று அவர் பெயரில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது.

கதை அவருடைய சொந்தக் கற்பனை அன்று. ஆங்கில எழுத்தாளர் லிட்டன் பிரபுவின் 'மிலேட்டஸின் தொலைந்த கதைகள்' என்ற தொகுப்பில் உள்ள 'இரகசிய வழி' என்ற கதையைத் தழுவியது. லிட்டனும் அதைப் பழைய கிரேக்கக் குறிப்பு ஒன்றிலிருந்து எடுத்தார். ஒருவரையொருவர் கனவில் மட்டுமே கண்டு காதலிக்கும் ஓர் இளவரசியும் அரசனும் அந்தக் கிரேக்கக் கதையிலேயே இருக்கிறார்கள். சுந்தரம் பிள்ளை அதைப் பாண்டிய நாட்டுக்கும் சேர நாட்டுக்கும் கொண்டுவந்தார். ஆகவே ஜீவக வழுதி என்ற பாண்டியனை வரலாற்றில் தேட வேண்டியதில்லை. எழுதியவர் வரலாற்று ஆய்வாளர் என்பதால் மாணவர்கள் இதை வரலாறு என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. முதல் வகுப்பிலேயே அதைத் தெளிவாக்கிவிடுவது நல்லது.

மூன்று யோசனைகள்

ஜீவகன் நல்லவன். மகள்மேல் உயிரையே வைத்திருப்பவன். வீரத்திலும் குறையில்லை. அவனுடைய அமைச்சன் குடிலன். குடிலம் என்றால் வளைவு, கோணல். பெயரிலேயே ஆசிரியர் ஆளைக் காட்டிவிடுகிறார். பார்க்கிறவர்களுக்கும் படிக்கிறவர்களுக்கும் தெரிவது ஜீவகனுக்கு மட்டும் தெரிவதில்லை. நாடகம் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

குடிலன் வாளைத் தூக்குவதில்லை. யோசனை சொல்கிறான். அவன் சொல்லும் யோசனைகளில் மூன்றை மட்டும் பிடித்துக்கொண்டாலே மொத்தக் கதையும் கைக்கு வந்துவிடும்.

முதலாவது, தலைநகரை மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு மாற்றுவது. பழைமையான மதுரையில் தன் சூழ்ச்சி எளிதில் எடுபடாது என்பது குடிலனுக்குத் தெரியும். மன்னனிடம் அப்படியா சொல்வான்? புதிய நகர், புதிய கோட்டை, யாரும் அசைக்க முடியாத மதில் என்று சொல்கிறான். கோட்டை எழும்புகிறது. நாடகம் தொடங்கும்போது ஜீவகன் அந்தக் கோட்டையைக் குலகுருவான சுந்தர முனிவரிடம் பெருமையாகக் காட்டுகிறான். முனிவர் அவன் எதிர்பார்த்த அளவுக்கு வியக்கவில்லை. வியந்து பேசுவதற்குப் பக்கத்திலேயே குடிலன் இருக்கிறான். அந்த முதல் களத்தில் இரண்டு குரல்கள் மன்னனின் காதுக்குப் போட்டியிடுகின்றன. எது வெல்லும் என்பது அப்போதே தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது யோசனை இன்னும் நுட்பமானது. இளவரசி மனோன்மணி கனவில் கண்ட ஒருவனை நினைத்து வாடுகிறாள். சேர மன்னன் புருடோத்தமனுக்கு அவளை மணம் முடித்து வைப்பதே வழி என்கிறார் முனிவர். தூது அனுப்ப நடராசன் என்ற இளைஞனையும் சுட்டுகிறார். மன்னனுக்கும் சம்மதம். குடிலன் மறுத்துப் பேசுவதில்லை. ஒத்துக்கொண்டே திசையைத் திருப்புகிறான். பெண் வீட்டார் தாமாகவே போய்த் திருமணப் பேச்சை எடுப்பது மன்னரின் மதிப்புக்குக் குறைவல்லவா? சேரனோடு நாஞ்சில் நாட்டு உரிமை பற்றிய பேச்சு ஒன்று இருக்கிறது, அதை முன்னிட்டுத் தூது போகட்டும், திருமணப் பேச்சும் கூடவே வரட்டும் என்கிறான். தூதனாக அனுப்பப்படுவது நடராசன் அல்ல, குடிலனின் மகன் பலதேவன். திருமணத்துக்குப் போன தூது போரைக் கொண்டுவருகிறது.

மாணவர்கள் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது. குடிலன் இங்கே ஒரு பொய்கூட வெளிப்படையாகச் சொல்லவில்லை. மன்னனின் மானத்தைக் காப்பவன் போலத்தான் பேசுகிறான். 'மாமன்னர் இறங்கிப் போகலாமா' என்ற ஒரே கேள்வியை மன்னனின் மனத்தில் போட்டுவிடுகிறான், மிச்சத்தை மன்னனின் பெருமிதம் பார்த்துக்கொள்கிறது. இந்தக் களத்தைப் படித்துவிட்டு, பள்ளிக் கழகத் தேர்தல் முதல் அலுவலகம் வரை இப்படிப் பேசுகிறவர்களைப் பார்த்ததுண்டா என்று கேட்டால் வகுப்பு தானாகப் பேசத் தொடங்கும்.

மூன்றாவது யோசனை, போரில் தோற்றுக் கோட்டைக்குள் முடங்கிய பிறகு வருகிறது. தோல்விக்கான பழி நாராயணன்மேல் விழுகிறது. உண்மையில் மன்னனுக்காக உயிரைக் கொடுக்கக்கூடிய ஒரே ஆள் அந்த நாராயணன்தான். அவன் பேச்சில் இனிப்பில்லை, குத்தல் உண்டு. அதனாலேயே மன்னன் அவனை நம்புவதில்லை. குடிலனின் பேச்சில் தேன் ஒழுகுகிறது, அவனை நம்புகிறான். கடைசியில் மனோன்மணியைப் பலதேவனுக்கே மணம் முடித்துவிடலாம் என்ற முடிவுக்கு ஜீவகன் வருகிறான். அரியணையைக் குடிலன் வீட்டுக்குத் தானே எடுத்துக் கொடுக்கப் போகிறான். அப்போதும் அது தன் சொந்த முடிவு என்றுதான் நினைக்கிறான்.

அந்தத் திருமண ஏற்பாடு நடக்கும் நேரத்தில் குடிலனுக்கு ஒரு சுரங்கவழி தெரியவருகிறது. ஆபத்து வரும் என்று முன்பே உணர்ந்த சுந்தர முனிவர், வழிபாட்டுக்கென்று கோட்டைக்குள் ஓர் அறையைக் கேட்டு வாங்கி, அங்கிருந்து வெளியே போக இரகசியமாகத் தோண்ட வைத்த வழி அது. குடிலன் அதன் வழியே எதிரியின் பாசறைக்கே போகிறான். மன்னனைப் பிடித்துக் கொடுக்கிறேன் என்கிறான். புருடோத்தமன் அருவருத்துப்போய் அவனை விலங்கிட்டு, அதே சுரங்கவழியில் கோட்டைக்குள் வருகிறான். மணமண்டபத்தில் மனோன்மணி அவனைப் பார்க்கிறாள். கனவில் கண்டவன் அவன்தான். மாலை அவன் கழுத்தில் விழுகிறது.

அப்படியானால் இது துன்பியலா?

முடிவை வைத்துப் பார்த்தால் இல்லை. திருமணத்தில் முடியும் நாடகத்தைத் துன்பியல் என்று எழுதினால் தேர்வில் தவறு. ஆனால் கடைசிக் களம் வரை நாடகம் போகும் பாதை துன்பியலின் பாதைதான். நல்லவன் ஒருவன் தன் குணத்தில் உள்ள ஒரு குறையால் நாட்டையும் மகளையும் இழக்கும் விளிம்புக்கு வருகிறான். மனோன்மணி தந்தையின் துயரைப் பார்த்து, விருப்பமில்லாத மணத்துக்குத் தலையசைக்கும் இடம் நாடகத்திலேயே மிகவும் கனத்தது. முனிவரின் சுரங்கம் மட்டும் இல்லையென்றால் அந்தச் சம்மதத்தோடு எல்லாம் முடிந்திருக்கும்.

சுரங்கம் இல்லாத கதை எப்படி முடியும் என்று பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' இருக்கிறது. 1599இல் மேடையேறிய அந்தச் செய்யுள் நாடகத்தில் மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்திலேயே சீசர் குத்திக் கொல்லப்படுகிறார். ஆங்கில இலக்கியம் எடுக்கும் மாணவர் ஒருவரும் தமிழ் இலக்கியம் எடுக்கும் மாணவர் ஒருவரும் ஒரே வீட்டில் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். ஒப்பிட மிகப் பொருத்தமான இடம், கொலை நடக்கும் காலையில் டீசியஸ் சீசரை வீட்டிலிருந்து கிளப்பிக்கொண்டு போகும் காட்சி. சீசரின் மனைவி கெட்ட கனவு கண்டு தடுக்கிறாள். டீசியஸ் அதே கனவுக்கு நல்ல பொருள் சொல்கிறான், போகாவிட்டால் ஊர் சிரிக்கும் என்கிறான். முகஸ்துதி தனக்குப் பிடிக்காது என்று சொல்லும் சீசரை, 'உங்களுக்கு முகஸ்துதியே பிடிக்காதே' என்று சொல்லியே மயக்கலாம் என்பது அவனுடைய கணக்கு. குடிலனும் அவனும் ஒரே பள்ளியில் படித்தவர்கள் போலிருக்கும்.

வேறுபாடும் முக்கியம். சீசரைக் குத்தும் புரூட்டஸ் நாட்டின் நன்மைக்காகச் செய்வதாக உண்மையாகவே நம்புகிறவன். அந்த நம்பிக்கைதான் அந்த நாடகத்தின் வேதனை. குடிலனுக்கு அப்படி எந்த உறுத்தலும் கிடையாது. தனியே நிற்கும்போது அவன் பேசும் பேச்சுகளில் ஆசை இருக்கிறது, கணக்கு இருக்கிறது, சந்தேகம் கிடையாது. அந்த வகையில் சுந்தரம் பிள்ளையின் வில்லன் ஷேக்ஸ்பியரின் வில்லனைவிட எளிமையானவன், சற்றுத் தட்டையானவன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அவனுக்கு ஏமாறுகிற ஜீவகன் தட்டையானவன் அல்லன்.

மலாக்காவில் நடந்தது

நம் நாட்டு மாணவர்களுக்கு இந்த வகைக் கதை புதிதல்ல. வரலாற்றுப் பாடத்தில் மலாக்கா சுல்தானகத்தின் வீழ்ச்சியைப் படிக்கும்போது சி கித்துல், ராஜா மெண்டலியார் என்ற பெயர்களைக் கடந்துதான் வருகிறார்கள். மெண்டலியார் என்பது முதலியார் என்ற சொல்லின் மலாய் வடிவம். 'செஜாரா மெலாயு' சொல்லும் கதையில் பல பேர் நம்மவர்கள்.

சுல்தான் மாமுட் ஷாவின் காலம். துறைமுக அதிகாரியான ராஜா மெண்டலியாருக்கும் பெருவணிகர் நினா சூரா டேவானாவுக்கும் வழக்கு. விசாரிக்க வேண்டியவர் பெண்டஹாரா துன் முத்தாஹிர். ராஜா மெண்டலியாரிடம் கடன்பட்டிருந்த கித்துல், வணிகர் பெண்டஹாராவுக்குப் பொன் கொடுத்துவிட்டார், உங்கள் தலைக்கே ஆபத்து என்று அவரிடம் போய்ச் சொல்கிறான். பயந்துபோன ராஜா மெண்டலியார் லக்சமானா கோஜா ஹசானிடம் போகிறார். பெண்டஹாரா அரியணையைப் பிடிக்கத் திட்டமிடுகிறார் என்ற பழி அவர் வழியாகச் சுல்தானின் காதுக்குப் போகிறது. துன் முத்தாஹிரின் மகள் துன் பாத்திமா விஷயத்தில் ஏற்கெனவே மனக்கசப்பில் இருந்த சுல்தான் விசாரிக்கவே இல்லை. பெண்டஹாராவும் அவர் குடும்பத்தாரும் கொல்லப்படுகிறார்கள். எதிர்த்து நிற்கத் துடித்த மகனைப் பெண்டஹாராவே தடுத்துவிட்டதாக நூல் சொல்கிறது. 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள்.

மனோன்மணீயத்தை இந்தக் கதையோடு சேர்த்துச் சொன்னால் மாணவர்களுக்கு இரண்டும் புரியும். குடிலன் செய்ததைக் கித்துல் செய்தான். இருவரும் தங்கள் கையால் யாரையும் வெட்டவில்லை. ஜீவகன் நாராயணனைச் சந்தேகித்தது போலவே சுல்தான் துன் முத்தாஹிரைச் சந்தேகித்தார். ஜீவகனுக்கு ஒரு சுரங்கவழி இருந்தது, மலாக்காவுக்கு இல்லை. கட்சித் தாவலைத் தடுக்க 2022இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்ற வேண்டியிருந்த நாட்டில், 'அரசியல் துரோகம்' என்ற சொல்லுக்கு அகராதி தேடும் நிலையில் எந்த மாணவரும் இல்லை என்பது வேறு விஷயம்.

செய்யுளைக் கண்டு பயப்பட வேண்டாம்

மாணவர்களைத் தடுத்து நிறுத்துவது கதை அல்ல, நடை. நான்காயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள் என்றதும் கை தயங்குகிறது. ஆனால் நாடகத்தின் பெரும்பகுதி ஆசிரியப்பாவில் இருக்கிறது. தமிழ்ப் பாக்களில் பேச்சுக்கு மிக நெருக்கமானது அது. அடிக்கு நான்கு சீர், வெண்பாவின் கட்டுப்பாடு இல்லை, அடி முடிவில் ஒலி ஒத்துவர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஷேக்ஸ்பியர் தம் நாடகங்களுக்கு எதுகையில்லாத செய்யுளைத் தேர்ந்ததற்கு என்ன காரணமோ அதே காரணம்தான் இங்கும். ஒருவர் பாதி அடியில் நிறுத்த, மற்றவர் அதே அடியை முடித்துப் பதில் சொல்வதும் நடக்கும்.

அதனால் இந்த நூலைக் கண்ணால் படிக்கக் கூடாது, வாயால் படிக்க வேண்டும். இரண்டு மாணவர்கள் எழுந்து நின்று ஒருவர் குடிலனாகவும் ஒருவர் ஜீவகனாகவும் வாசித்தால், பொருள் தெரியாத சொற்கள் இருந்தும் யார் யாரை இழுக்கிறார் என்பது குரலிலேயே கேட்கும். அருஞ்சொற்பொருளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் கோட்டையைக் காட்டும் களம், அடுத்துத் தூது பற்றிய ஆலோசனை, பிறகு குடிலன் தனியே பேசும் பேச்சு ஒன்று, கடைசியில் புருடோத்தமனின் பாசறையில் அவன் மாட்டிக்கொள்ளும் இடம். இந்த நான்கையும் படித்தவர் மிச்சத்தைத் தானே தேடிப் போவார். சிவகாமி சரிதத்தை முதல் சுற்றில் விட்டுவிடலாம். அழகான பகுதிதான், ஆனால் அரசியல் கதையின் ஓட்டம் அங்கே நின்றுவிடும்.

பெயர்களுக்குள் ஒரு தத்துவ அடுக்கும் உண்டு. ஜீவகன் என்பது சீவன், குடிலன் என்பது அதை மயக்கும் மாயை, முனிவர் குரு, புருடோத்தமன் இறைவன் என்று பொருள் கொண்டு படிப்பவர்கள் உண்டு. எழுதியவர் தத்துவப் பேராசிரியர் என்பதால் இது வலிந்து சொல்லும் விளக்கம் அல்ல. ஆனாலும் பதினாறு வயது மாணவரிடம் இதிலிருந்து தொடங்கினால் குடிலன் மனிதனாக இல்லாமல் வெறும் கருத்தாகிவிடுவான். இதை இரண்டாம் வாசிப்புக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

அறிவியல் பிரிவு மாணவர்களுக்கு இந்த நாடகத்தில் எதிர்பாராத ஓரிடம் இருக்கிறது. நடராசன் வயல்வெளியில் தனியே நின்று, நாங்கூழ்ப் புழுவைப் பார்த்து வியந்து பேசுகிறான். நாங்கூழ் என்றால் மண்புழு. மண்ணைத் தின்று பதப்படுத்தித் தரும் அது உழவனுக்குத் துணை என்கிறான். மண்புழுக்கள் மண்ணை உருவாக்குவது பற்றிச் சார்லஸ் டார்வின் எழுதிய நூல் வெளிவந்தது 1881இல், மனோன்மணீயத்துக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன். போரும் சூழ்ச்சியும் நிறைந்த நாடகத்தின் நடுவே ஒரு புழுவுக்கு இவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார் சுந்தரம் பிள்ளை.

தமிழ்த்தாய் வாழ்த்தைப் பொறுத்தவரை, மலேசிய நிகழ்ச்சிகளில் இறையருட்கவிஞர் செ. சீனி நைனா முகம்மது எழுதிய தமிழ் வாழ்த்தே பரவலாகப் பாடப்படுகிறது. சுந்தரம் பிள்ளையின் பாடலைத் தமிழக அரசு 1970இல் ஏற்றது. அது நாடகத்தின் தொடக்கத்தில் கடவுள் வாழ்த்தோடு வருகிறது, எந்தப் பாத்திரமும் அதைப் பாடுவதில்லை. கதைக்குள் நுழைய அது வாசற்படி மட்டுமே.

நாடகத்தை மேடையில் போடுவதைவிடப் படிப்பதே வழக்கமாக இருந்துவந்தாலும், மாடர்ன் தியேட்டர்ஸ் 1942இல் 'மனோன்மணி' என்ற பெயரில் இதைத் திரைப்படமாக்கியது. பி. யு. சின்னப்பாவும் டி. ஆர். ராஜகுமாரியும் நடித்தார்கள். வீட்டில் பாட்டி தாத்தா இருந்தால் அந்தப் பெயர்களைச் சொல்லிப் பார்க்கலாம். மூல நூல் முழுவதும் மதுரைத் திட்டத்தின் இணையத்தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. தேர்வுக்குப் படிப்பவர்கள் பதவுரையும் குறிப்பும் உள்ள அச்சுப் பதிப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் முதல் அங்கம் ஒரு மாலை நேரத்தில் முடியும்.